சனியின் வளையத்தில் இரட்டை ஆட்சி

சனிக் கிரகத்தின் வளையம் கெட்டித் தகடாயின் நொறுங்கிவிடும், திரவமாயினும் நிலைக்காது, ஆதலின் தனித்தனியே சுற்றிவரும் எண்ணற்ற துணுக்குகளின் திரளாகவே அது இருத்தல் வேண்டும் என்று 1859-இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் கணிதத்தால் நிலைநாட்டியபோது, ஆகர்ஷண சக்தியையே அவர் பிரதானமாகக் கொண்டார். அவரே பிற்பாடு வகுத்த மின்காந்த விதிகளும் அங்கே ஆட்சி செலுத்துகின்றன என்பது, அவர் மறைந்து நூறாண்டு கழிந்த பின்னரே புலனாயிற்று.

1980 நவம்பரில் சனியை நெருங்கிய வாயேஜர் 1 விண்கலம், அதன் வளையங்களுள் ஒன்றான பி வளையத்தின் மீது வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போன்ற மங்கிய கீற்றுகளைப் படம்பிடித்து அனுப்பிற்று. உட்புறத் துணுக்குகள் விரைந்தும் வெளிப்புறத்தவை தாமதித்தும் சுற்றுகிற ஓரிடத்தில், குறுக்கே இட்ட கோடு சில மணி நேரத்தில் சாய்ந்து கலைந்துபோக வேண்டும். இக்கீற்றுகளோ, தோன்றும் வேளையில், கிரகத்தின் காந்தப் புலத்தோடு இணைந்து சுழல்வனவாகக் காணப்பட்டன.

வளையத்தைச் சூழ்ந்திருப்பது வெறும் சூனியமன்று. எலக்ட்ரான்களும் அயனிகளும் பிரிந்து உலவும் பிளாஸ்மா. இலேசான எலக்ட்ரான்கள் அதிவேகமாகப் பாய்வதால், அவையே தூசியின் மீது மிகுதியாக மோதி அதற்கு எதிர் மின்னூட்டம் ஏற்றுகின்றன; சூரிய ஒளியோ எலக்ட்ரான்களைத் தட்டிப் பறித்து, அதற்கு மாறான காரியத்தைச் செய்கிறது. வீட்டளவு பனிப்பாறைக்கு இம்மின்னூட்டம் ஒரு பொருட்டன்று. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே அகலமுள்ள தூசியையோ அது வளையத்தின் தளத்தை விட்டே மேலெழச் செய்துவிடும்; அத்தூசித் திரளே கீற்றுகளாகத் தெரிகிறது. முதலில் அத்தூசியைக் கிளப்புவது விண்கல் மோதி எழுந்த பிளாஸ்மா மேகமா, வேறொன்றா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

ஓயாததற்குக் காரணம், மெல்ல நடப்பவன் என்னும் பொருளில் சனைச்சரன் என்று பெயர் பெற்ற கிரகத்தை நாம் அவசரப் பார்வையால் அறிந்துவிட முயல்வதே என்பது என் அபிப்பிராயம். காசினி விண்கலம் 2004 ஜூலையில் போய்ச் சேர்ந்தபோது கீற்றுகளைக் காணவில்லை. 2005 செப்டம்பரில் தலைகாட்டிய அவை, சூரியன் வளையத்தின் தளத்துக்கு நேராக வந்த 2009-ஆம் வருஷத்து விஷுவத்தைச் சுற்றிப் பெருகி, பின் மறைந்தன. பதின்மூன்று ஆண்டுகள் அயராது உழைத்த அக்கலத்தின்மீது குறையொன்றுமில்லை. ஆயினும் அது கண்டது சனியின் இருபத்தொன்பதரை ஆண்டில் பாதிக்கும் குறைவே.

2025 மே மாத விஷுவத்தை அருகிருந்து காண ஒரு கலமும் இருக்கவில்லை. ஹப்பிள் தொலைநோக்கி பூமியின் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்ததோடு சரி. அடுத்த விஷுவம் 2039-இல். காசினிக்குப் பயணமே ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் பிடித்தது. கலம் கட்டும் காலத்தையும் அதனோடு கூட்டிப் பார்த்தால், புதிய பயணத்துக்கு இசைவு அளிக்க வேண்டியவர்கள் யோசித்துக்கொண்டிருக்கக் கூடிய வருஷங்கள் மிகச் சிலவே.