கணினிக்குள் முந்நூறு நோயாளிகள்

பெரியவர்கள் 100 பேர், வளரிளம் பருவத்தினர் 100 பேர், குழந்தைகள் 100 பேர் என முந்நூறு நீரிழிவு நோயாளிகள் ஒரு கணினி மென்பொருளுக்குள் இருக்கின்றனர். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகமும் இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகமும் உருவாக்கிய அம்மென்பொருள், முதல் வகை நீரிழிவு உள்ள உடலின் இயக்கத்தைப் போலச் செய்து காட்டுவது. உண்ட உணவு குளுக்கோசாக இரத்தத்தில் கலப்பதையும், இன்சுலின் அதைக் குறைப்பதையும் அது சமன்பாடுகளால் கணக்கிடுகிறது. இன்சுலின் பம்பைத் தானாக இயக்கும் முறைகளை மனிதரிடம் சோதிக்கும் முன், விலங்குச் சோதனைக்கு மாற்றாக இதைப் பயன்படுத்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2008-இல் இசைந்தது.

இதனைப் பெரும் நன்மை என்றே கருதுகிறேன். இன்சுலின் அளவு மிகுந்தால் ஒரு குழந்தை மயங்கி விழக்கூடும், வலிப்பும் வரக்கூடும். கணினிக்குள் அதே பிழை ஒரு கோட்டின் சரிவாக மட்டுமே தெரியும். அங்கேயே பிழையைத் திருத்திக்கொள்ளலாம்.

எனினும், கணினி சொல்வதே முடிவு என்று எண்ணிவிடலாகாது. இம்மென்பொருளின் முதல் வடிவம் ஒரு வேளை உணவையே மையமாகக் கொண்டிருந்தது. நாள் முழுவதும் உடலில் இன்சுலின் செயல்படும் திறன் மாறிக்கொண்டே இருப்பது, உண்மையான நோயாளிகளிடம் அளந்தறிந்த பின்னரே சேர்க்கப்பட்டது. அளந்து கொடுக்காத எதையும் கணினி அறியாது.

நம் வீடுகளில் நடப்பதையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். மருத்துவரைக் காணச் செல்வதற்கு இரண்டு நாள் முன்பு மட்டும் பத்தியம் இருப்போர் பலர். குறிப்பேட்டில் 280 என்பதை 180 என்று எழுதுவோரும் உண்டு. திட்டு வாங்குவோமோ என்ற அச்சமே இதற்குக் காரணம். ஆனால் அந்த எண்ணை நம்பி மருத்துவரோ, கைப்பேசிச் செயலியோ கணக்கிடும் இன்சுலின் அளவு உங்களுக்கு உரியதாக இராது.

ஆகவே, திருமண விருந்தில் உண்ட இனிப்பையும், ஊசி போட மறந்த இரவையும் உள்ளபடியே எழுதுங்கள். செயலி காட்டும் அளவை மருத்துவரிடம் கேளாமல் பின்பற்றாதீர்கள், "இந்த எண் அளந்ததா, கணக்கிட்டதா?" என்று தயங்காமல் கேளுங்கள். உண்மையை எழுதி வருபவரைக் கடிந்துகொள்ளாமல் வரவேற்பது மருத்துவர்களாகிய எங்கள் கடமை.