மெலித்தா தீவில் மூட்டிய நெருப்பு

தியான வாசிப்பு: அப்போஸ்தலர் 27:37 முதல் 28:11 வரை



வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. மழை மிகுந்து தாழ்வான பகுதிகளில் தண்ணீர் புகுந்தால், அங்கு வாழும் குடும்பங்களுக்கு நம் சபை மண்டபத்தைத் திறந்துவிடலாமா என்ற கேள்வி கடந்த வாரம் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்தது. முடிவு எட்டப்படாமலே கூட்டம் கலைந்தது. புதிதாகப் போட்ட தரை பழுதாகும், டிசம்பரில் திருமண முன்பதிவுகள் உள்ளன, வருகிறவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது என்று மூன்று தயக்கங்கள் சொல்லப்பட்டன. சொன்னவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். அந்த மண்டபத்தைக் கட்டத் தங்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கொடுத்தவர்கள். ஆகவே அவர்களைக் குறை கூற அல்ல, அவர்களோடு சேர்ந்து யோசிக்கவே இதை எழுதுகிறேன்.

மெலித்தா தீவின் சம்பவம் நமக்குத் தெரிந்ததே. ரோமாபுரிக்குச் சென்ற கப்பல் புயலில் உடைந்து, 276 பேர் நீந்தியும் பலகைகளைப் பற்றிக்கொண்டும் கரை சேர்ந்தார்கள். நம்மில் பலர் இந்தப் பகுதியைப் பவுலின் கையைக் கவ்விய விரியன் பாம்புக்காகவே நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் பாம்பு வருவதற்கு முன்பே அங்கே ஒரு நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. மழையும் குளிருமான அந்த வேளையில் தீவின் மக்கள் அதை மூட்டி, கரையேறிய அனைவரையும் அருகே சேர்த்துக்கொண்டார்கள். கரையேறியவர்களில் கைதிகள் இருந்தார்கள், போர்ச்சேவகர் இருந்தார்கள், மாலுமிகள் இருந்தார்கள். யார் எவர் என்று விசாரித்த பிறகு நெருப்பு மூட்டப்பட்டதாக லூக்கா எழுதவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தத் தீவார் கிறிஸ்துவை அறியாதவர்கள். இங்கே உதவி பெற்றவர் அப்போஸ்தலன், உதவி செய்தவர்கள் அந்நியர். நாமே எப்போதும் கொடுக்கிற இடத்தில் இருப்போம் என்ற எண்ணத்தை இந்த அதிகாரம் நம்மிடமிருந்து எடுத்துப்போடுகிறது.

இதை நான் புத்தகத்திலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி இரவு சென்னையில் அடையாறு கரைபுரண்டபோது, நான் ஊழியம் செய்த ஆலயம் அந்த ஆற்றுக்கு அருகில் இருந்தது. நள்ளிரவில் குழந்தைகளோடும் மூட்டைகளோடும் சிலர் வாசற்கதவைத் தட்டினார்கள். மண்டபத்தின் சாவி என்னிடம் இருந்தது. ஆயினும் பொறுப்பாளர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தொலைபேசியை எடுத்தேன். இணைப்பு கிடைக்கவில்லை. மீண்டும் மீண்டும் முயன்றேன். கதவைத் திறக்க நான் வெளியே வந்தபோது அவர்கள் அங்கே இல்லை. அடுத்த தெருவிலிருந்த பள்ளிவாசல் அவர்களைச் சேர்த்துக்கொண்டது என்று மறுநாள் அறிந்தேன். அந்தக் குடும்பங்களுக்குத் தீங்கொன்றும் நேரவில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் அந்த இரவில் மெலித்தாவின் நெருப்பு வேறொரு வாசலில் எரிந்தது. பூட்டிய மண்டபத்தின் சாவியோடு நான் குருமனையில் நின்றேன்.

அன்புக்குரியவர்களே, நாம் கொடுக்கத் தெரியாத மக்கள் அல்லர். 2004ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆழிப்பேரலை வந்தபோது நம் சபைகள் எத்தனை லாரிகளை நாகப்பட்டினத்துக்கு அனுப்பின! ஆனால் அங்கே சாலையோரங்களில் பழைய துணிகள் குவியல் குவியலாகக் கிடந்ததையும் நாம் மறந்துவிடலாகாது. கடலோர மக்கள் அவற்றைத் தொடவில்லை. எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கும் மானம் உண்டு என்பதை நம்முடைய அலமாரிகளைக் காலி செய்த அவசரத்தில் நாம் எண்ணிப்பார்க்கவில்லை. நாம் உடுத்தத் தயங்கும் துணி காணிக்கையாகாது.

மெலித்தாவின் மக்கள் அந்த முதல் இரவோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. தீவின் முதல்வனாகிய புபிலியு அவர்களை மூன்று நாள் தன் இடத்தில் உபசரித்தான். பிறகு மூன்று மாதம் அவர்கள் அத்தீவிலேயே தங்கினார்கள். புறப்படும்போது பயணத்துக்குத் தேவையானவை கப்பலில் ஏற்றப்பட்டன. நம்முடைய இரக்கமோ பெரும்பாலும் உணவுப் பொட்டலத்தோடு முடிந்துவிடுகிறது. ஆழிப்பேரலைக்குப் பின் பல குடும்பங்கள் தார் அட்டைக் கூரைகளின் கீழ் ஓராண்டுக்கும் மேலாக வெந்துகொண்டிருந்தன. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட மக்களுக்கு வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் தொலைவாகிப்போயின. தொலைக்காட்சிச் செய்தி நின்ற பிறகுதான் இடம்பெயர்ந்தவனின் தனிமை தொடங்குகிறது.

பவுலும் அங்கே சும்மா இருக்கவில்லை. நெருப்புக்கு விறகு பொறுக்கினார். புபிலியுவின் தகப்பன் நோயுற்றிருந்தபோது அவருக்காக ஜெபித்தார். தஞ்சம் புகுந்தவரிடமும் கொடுக்க ஏதோ இருக்கிறது. நம் மண்டபத்துக்கு வருகிறவர்களை வரிசையில் உட்காரவைத்துப் பரிமாறிப் புகைப்படம் எடுப்பதை விட்டு, அவர்களோடு சேர்ந்து சமைப்போம். பொட்டலத்தோடு துண்டுப்பிரதி கொடுப்பதையும் நான் ஏற்கவில்லை. பசித்தவனுக்கு மறுத்துச் சொல்லும் சுதந்திரம் இல்லை. அந்நேரத்தில் அவனிடம் நாம் எதையும் கேட்கலாகாது. எங்கள் நம்பிக்கைக்குக் காரணம் என்ன என்று அவனே கேட்டால் அப்போது சொல்வோம்.

எருசலேம் சபையில் அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப்போனார்கள் என்று அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரம் மறைக்காமல் சொல்கிறது. ஆழிப்பேரலையின் நிவாரணத்திலும் தலித் மக்களும் இருளர் மக்களும் ஒதுக்கப்பட்ட இடங்கள் உண்டு. ஆகவே நம் வாசலுக்கு வர யார் தயங்குவார்கள் என்று கேட்டு, அவர்களை நாமே போய் அழைத்துவர வேண்டும்.

இப்போது அந்த மூன்று தயக்கங்களுக்கு வருகிறேன். தரையைக் கழுவலாம், பழுதானால் திருத்தலாம். திருமண வீட்டாரிடம் இப்போதே பேசி, மழை வந்தால் ஆலயத்துக்குள் விருந்து வைக்க ஒழுங்கு செய்யலாம். வருகிறவர்கள் யாரென்று தெரியவில்லையா? அந்நியனாயிருந்தேன் என்று நியாயத்தீர்ப்பு நாளில் நம்மிடம் சொல்லப்போகிறவரை மத்தேயு இருபத்தைந்தாம் அதிகாரத்தில் நாம் அறிவோம். அங்கேயும் அவரை அடையாளம் கண்டுகொண்டவர்கள் எவரும் இல்லை.

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் கமிட்டி மீண்டும் கூடுகிறது. நான் கேட்பது மூன்று காரியங்கள்: மண்டபத்தின் சாவி ஒன்று இரவும் பகலும் அருகில் குடியிருக்கும் ஒருவரிடம் இருக்கட்டும், திறப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டாம் என்று எழுதி வைப்போம், தண்ணீர் வடிந்த பின் மூன்று மாதம் அந்தக் குடும்பங்களைச் சந்திக்க ஒரு சிறு குழுவை நியமிப்போம். தாய்மார்களே, வாலிபப் பிள்ளைகளே, நீங்களும் வந்து உங்கள் மனதைச் சொல்லுங்கள்.

ஜெபம்: தலைசாய்க்க இடமில்லாதிருந்த ஆண்டவரே, நீர் எங்களுக்குக் கொடுத்த கூரை உம்முடையது. அன்று நான் தாமதித்ததை மன்னியும். மழை வரும் இரவில் எங்கள் கதவு திறந்திருக்கவும், எங்கள் அடுப்பு எரிந்துகொண்டிருக்கவும் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், நல்ல பிதாவே. ஆமென்.