காற்றைக் காவல் காக்கும் மனிதர்கள்!

திருவண்ணாமலையில் பஸ் ஏறித் திருப்பதிக்குப் போகிறவர்கள் ஏராளம். வேலூர் ரோட்டில் பஸ் திரும்பியதும் வேங்கிக்கால் வரும். மாவட்ட கலெக்டர் ஆபீஸ் அங்கேதான் இருக்கிறது. பிறகு போளூர், வேலூர், சித்தூர். சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே காதங்கி என்று ஒரு சிற்றூர் இருக்கிறது.

சாமி கும்பிடப் போகிறவர்கள் அங்கே இறங்குவது இல்லை. ஆனால், காற்றை ஆராய்கிற விஞ்ஞானிகளைக் கேட்டால், அந்த ஊரை உடனே சொல்வார்கள். காரணம், தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் அங்கே இருக்கிறது. மத்திய அரசாங்கத்தின் விண்வெளித் துறையைச் சேர்ந்தது அது.

அங்கே இருப்பவர்களுக்கு என்ன வேலை?

காற்றைப் பார்ப்பது!

"காற்றைப் பார்க்க ஓர் உத்தியோகமா? அதற்கு ஒரு சம்பளமா?" என்று சிலர் சிரிப்பார்கள்.

சிரிக்க வேண்டாம். ஊரில் உள்ள அத்தனை பேருடைய உயிரும் அந்த வேலையில் அடங்கி இருக்கிறது. காற்றைப் பார்க்கிறவர்கள் இன்னும் அதிகம் வேண்டும். எங்கேயோ தொலைவில் மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வோர் ஊருக்குப் பக்கத்திலும் வேண்டும்.

வானத்துக்கு ஒரு காது

காதங்கியில் 4 ஏக்கருக்கு மேற்பட்ட இடத்தில் 1,024 ஆன்டெனாக்களை வரிசை வரிசையாக நட்டு ராடார் அமைத்தார்கள். முன்பு வீட்டு மாடிகளில் டெலிவிஷனுக்காக மீன் முள் போன்ற கம்பி வைத்திருந்தார்கள் அல்லவா? ஏறக்குறைய அதே மாதிரிதான்.

அத்தனையும் சேர்ந்து ஒரே ராடார். அது ரேடியோ அலையை வானத்தை நோக்கி அனுப்புகிறது. மேலே காற்று ஒரே சீராகப் போவது இல்லை. வெள்ளம் வந்த ஆறு போலச் சுழித்துக்கொண்டு போகிறது. அந்தச் சுழிப்பில் பட்டு, அலையில் மிக மிகச் சிறு பங்கு கீழே திரும்பி வருகிறது. அதைப் பிடித்துக் கணக்குப் போடுகிறார்கள். காற்று எந்தத் திசையில் போகிறது, என்ன வேகத்தில் போகிறது என்பது தெரிந்துவிடுகிறது.

ஆகாய விமானம் பறப்பது 10, 12 கிலோமீட்டர் உயரத்தில்தான். இந்த ராடார் ஆராய்வதோ சுமார் 100 கிலோமீட்டர் உயரம் வரை!

1990-களின் தொடக்கத்தில் ராடார் வேலை செய்யத் தொடங்கியது. 2005-ல் அந்த இடத்துக்கு இப்போதைய பெயர் வந்தது. விஞ்ஞானிகள், என்ஜினீயர்கள், கருவி பழுது பார்க்கிறவர்கள், ஆராய்ச்சி மாணவர்கள் என்று பலர் அங்கே இருக்கிறார்கள். காற்றில் கலந்துள்ள தூசு, புகை, ஓசோன் ஆகியவற்றையும் அளக்கிறார்கள்.

காற்றுக்கு லீவு உண்டா?

பூமியில் இருந்து பார்ப்பது ஒரு வழி. மேலே கருவியை அனுப்பிப் பார்ப்பது இன்னொரு வழி.

வானிலைத் துறையினர் அதற்குப் பலூன் விடுகிறார்கள். பலூனின் அடியில் ஒரு சின்னப் பெட்டி தொங்கும. வெப்பம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, காற்றின் அழுத்தம் எவ்வளவு என்று அது ரேடியோ மூலம் சொல்லிக்கொண்டே போகும். சுமார் 30 கிலோமீட்டர் உயரம் போனதும் பலூன் வெடித்துவிடும். பெட்டி கீழே விழும்.

இந்திய நேரப்படி காலை 5.30 மணிக்கு ஒரு கணக்கு. மாலை 5.30 மணிக்கு ஒரு கணக்கு. உலகம் முழுவதும் பல நூறு இடங்களில் இதே நேரக் கணக்கில் பலூன்கள் மேலே போகின்றன. ரஷியாவும் அமெரிக்காவும் எதில் சண்டை போட்டாலும், இதில் சண்டை இல்லை. ஒருவர் எடுத்த கணக்கை மற்றவருக்குக் கொடுக்கிறார்கள். காற்றுக்கு ஏது எல்லைக்கோடு?

தீபாவளி அன்றும் பலூன் போகும். பொங்கல் அன்றும் போகும். அடை மழையிலும் போகும். மற்றவர்கள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கும் நேரத்தில், ஒருவர் எழுந்து பலூனில் வாயு நிரப்புகிறார்.

இது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. சென்னையில் 1792-ல் வான ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. 1796 முதல் அங்கே வெயில், மழைக் குறிப்புகள் எழுதி வைத்தார்கள். இந்திய வானிலைத் துறை தோன்றியது 1875-ல். அத்தனை தலைமுறையாக யாரோ ஒருவர் தினமும் கருவியைப் பார்த்து எண்ணை எழுதி வருகிறார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

வைரக் கம்மல் வேண்டாம்!

ஒரே ஒரு பெயரையாவது தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பெயர் அன்னா மணி.

அவர் 1918-ல் கேரளத்து பீர்மேட்டில் பிறந்தார். 8-வது பிறந்தநாளுக்கு வீட்டில் வைரக் கம்மல் கொடுத்தார்கள். "எனக்குக் கம்மல் வேண்டாம். கலைக்களஞ்சியம் வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்டாளாம் அந்தச் சிறுமி!

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். பிறகு லண்டனுக்குப் போய் வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றார். 1948-ல் புனாவில் வானிலைத் துறையில் சேர்ந்தார்.

அப்போது வெப்பமானி முதல் பல கருவிகள் வெளிநாட்டில் இருந்து வரவேண்டி இருந்தது. அன்னா மணி சுமார் 100 கருவிகளுக்கு வரைபடங்களை ஒழுங்குபடுத்தினார். அவற்றை இந்தியாவிலேயே செய்ய வழி செய்தார். ஓசோனை அளக்கும் கருவியையும் உருவாக்கினார். நாட்டில் எங்கெங்கே காற்று நன்றாக வீசுகிறது என்றும் அளந்து புத்தகமாக வெளியிட்டார். 2001-ல் காலமானார்.

தப்பான அளவைவிட அளக்காமலே இருப்பது மேல் என்பது அவருடைய கொள்கை. காற்றைப் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் அதுதான் வேதம். மேலதிகாரிக்குப் பிடிக்கவில்லை என்று எண்ணை மாற்றக்கூடாது. ஊருக்குக் கெட்ட பெயர் வரும் என்று மறைக்கவும் கூடாது. நோயாளியின் காய்ச்சலைக் குறைத்து எழுதினால் நோய் குறைந்துவிடுமா?

கண்ணுக்குத் தெரியாத தூசு

நோய் என்றதும் இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும். மூச்சுக் காற்று சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை அது. தமிழ்நாட்டில் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் ஊழியர்கள் இதைச் செய்கிறார்கள்.

ஒரு வடிதாளை முதலில் எடை போடுகிறார்கள். அதைக் கருவியில் வைத்துக் காற்றை அதன் வழியாக இழுக்கிறார்கள். பிறகு மறுபடியும் எடை போடுகிறார்கள். கூடுதலாக இருக்கும் எடைதான் தூசு. இப்போது தானாக அளக்கும் கருவிகளும் வந்துவிட்டன.

மிக நுண்ணிய தூசு, தலைமயிரின் கனத்தில் சுமார் 30-ல் ஒரு பங்குதான் இருக்கும். மூக்கில் உள்ள முடி அதைத் தடுக்காது. நேராக நுரையீரலின் அடி வரை போகும். மாரடைப்புக்கும் மூச்சிரைப்புக்கும் அது ஒரு காரணம். ஒரு நாள் சராசரியாக, ஒரு கன மீட்டர் காற்றில் இந்தத் தூசு 60 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியாவின் விதி. ஒரு கிராமை 10 லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு இன்னும் குறைவு. 15 மைக்ரோகிராம்தான்!

இத்தனை நுட்பமான வேலையைச் செய்கிறவர், தெருவில் நடந்து போனால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பது இல்லை.

சொன்னது பலிக்குமா?

"மழை வரும் என்பார்கள், வெயில் அடிக்கும்!" என்று கேலி செய்வது பலருக்குப் பழக்கம். கணிப்பு தவறுவது உண்டு. அதற்காக ஒதுக்கிவிடலாமா?

ஒடிசாவைப் பாருங்கள். 1999 அக்டோபரில் அங்கே பெரும் புயல் அடித்தது. சுமார் 10 ஆயிரம் பேர் இறந்தார்கள். 2013 அக்டோபரில் பைலின் என்ற கடும் புயல் அதே ஒடிசாவைத் தாக்கியது. இந்தத் தடவை, புயல் வருவதை வானிலைத் துறை முன்கூட்டியே சொன்னது. சர்க்கார் சுமார் 10 லட்சம் பேரை மேடான இடங்களுக்குக் கொண்டு போனது. இறந்தவர்கள் ஐம்பது பேருக்குள்தான்.

புயலின் கோபம் குறையவில்லை. சொல்ல ஆள் இருந்தது. சொன்னதைக் கேட்கவும் ஆள் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்!

திருவண்ணாமலையின் கண்ணீர்

இனி திருவண்ணாமலைக்கு வருவோம்.

2024 நவம்பர் 30-ந் தேதி இரவு, பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. புயல் வருவது முன்பே தெரியும். கரையைக் கடந்த பிறகும் மழை விடவில்லை. பக்கத்தில் உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது.

டிசம்பர் 1-ந் தேதி மாலை, திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலை சரிந்தது. பாறையும் மண்ணும் உருண்டு வந்து வீட்டை மூடின. 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள்.

புயல் எந்த மாவட்டத்துக்கு வரும் என்று சொல்லலாம். மலையின் எந்தப் பக்கம், எந்த மணிக்குச் சரியும் என்று சொல்ல முடிவது இல்லை. ஆனால், சரிவில் எவ்வளவு மழை இறங்கி இருக்கிறது என்று மணிக்கு மணி அளக்க முடியும். அளவு மீறியதும், "கீழே இருப்பவர்கள் வெளியேறுங்கள்" என்று தண்டோரா போட முடியும். அதற்குக் கருவியும் ஆளும் அந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

எவ்வளவு மழை எவ்வளவு தண்ணீர் என்பது பலருக்குத் தெரியாது. ஓர் ஏக்கர் நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால், விழுந்த தண்ணீர் 4 லட்சம் லிட்டர்! மலைச்சரிவில் அது என்ன செய்யும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

வேங்கிக்காலில் ஒரு பலகை

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு பெரிய பலகை இருக்க வேண்டும். கிரிவலப் பாதையிலும் பஸ் நிலையத்திலும் இருக்க வேண்டும். நேற்று பெய்த மழை எவ்வளவு, இன்றைய காற்று எப்படி என்று கொட்டை எழுத்தில், தமிழில் எழுத வேண்டும். காற்றின் தரத்தை 6 வண்ணங்களில் காட்டும் முறை 2015-லேயே நாட்டில் வந்துவிட்டது. பச்சை என்றால் நல்லது. சிவப்பு என்றால் மிக மோசம். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் வண்ணம் புரியும்.

இரண்டாவது, எண்ணை மட்டும் சொன்னால் போதாது. "மூச்சிரைப்பு உள்ளவர்கள் இன்று கிரிவலம் போக வேண்டாம்" என்று சொன்னால்தான் பாட்டிக்குப் புரியும்.

மூன்றாவது, ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஒரு மழைமானி வேண்டும். காலை 8.30 மணிக்கு ஒரு மாணவன் அதைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மறுநாள் ஒரு மாணவி எழுத வேண்டும். மழைமானியில் கல் போடுகிற பிள்ளையைப் பெற்றோர் கண்டிக்க வேண்டும். அந்தக் கல் ஊர்க் கணக்கையே கெடுத்துவிடும்.

நான்காவது, பிள்ளைகளை இந்தப் படிப்புக்கும் அனுப்ப வேண்டும். டாக்டர், என்ஜினீயர் மட்டும்தான் உத்தியோகமா? பௌதிகமும் கணக்கும் படித்த வேங்கிக்கால் பெண், நாளைக்கு காதங்கி ராடாருக்கு முன்னால் உட்காரலாம்.

"இதற்கெல்லாம் பணம் எங்கே?" என்று கேட்பார்கள். மண்ணில் புதைந்த பிறகு உதவித் தொகை கொடுக்கப் பணம் கிடைக்கிறது. முன்பே எச்சரிக்க மட்டும் கிடைக்காதா?

கிராமத்துக்கு ஏரி காக்க ஆள் உண்டு. பயிர் காக்க ஆள் உண்டு. அத்தனை உயிருக்கும் பொதுவான காற்றைக் காக்கவும் ஆள் வேண்டும். அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க ஊரும் வேண்டும்.