பச்சைக் குழந்தைக்குப் பச்சை வாந்தியா? தொக்கம் எடுக்க ஓடாதீங்க!

நெல்லை:
பிறந்து இரண்டே நாள் ஆன குழந்தை. பால் குடித்த கொஞ்ச நேரத்தில் பச்சையாக வாந்தி. வீட்டில் என்ன நடக்கும்? "சீர் தட்டிருச்சு, யாரு கண்ணு பட்டுதோ" என்பார் ஆச்சி. அம்பாசமுத்திரம் ஆனாலும் சரி, களக்காடு ஆனாலும் சரி, தொக்கம் எடுக்கிறவர் வீட்டுக்குத்தான் முதல் ஓட்டம். அப்புறம் உரைமருந்து. அதுவும் கேட்காவிட்டால்தான் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரி!

இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும்.

பால் கக்குவது வேறு, பச்சை வாந்தி வேறு. தயிர் மாதிரி வாயோரம் வழிந்தால் பெரும்பாலும் பயமில்லை. பச்சை என்பது பித்தநீர். கீழே இறங்க வேண்டிய பித்தம் மேலே வந்தால், குடலில் வழி அடைபட்டிருக்கலாம். குடல் முறுக்கிக்கொண்டிருந்தால் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கிவிடும். "விடியட்டும், பார்ப்போம்" என்கிற பேச்சுக்கே இடமில்லை.

இந்த அடைப்புகளில் ஒரு அபூர்வ ரகம் 'வளையக் கணையம்'. கணையம் என்றால் சர்க்கரை வியாதிக்காரர்களுக்குத் தெரியும், இன்சுலின் சுரக்கும் உறுப்பு. தாய் வயிற்றில் அது இரண்டு மொட்டாக முளைக்கிறது. சின்ன மொட்டு, இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலின் பின்பக்கமாகச் சுற்றி வந்து பெரிய மொட்டோடு சேர வேண்டும். அது சரியாகத் திரும்பாவிட்டால் குடலுக்கு மோதிரம் மாட்டின கதைதான். மோதிரம் தளர்வாக இருந்தால் ஆயுசு பூரா தெரியாமலே போகலாம். இறுக்கமாக இருந்தால் முதல் பாலிலேயே வம்பு.

கிரகணத்தில் வெளியே வந்ததாலோ, எதையாவது தின்றதாலோ வருவதல்ல இது. மருமகளைத் திட்டும் மாமியார்கள் கவனிக்க!

புது வியாதியும் அல்ல. 1818-லேயே ஜெர்மனியில் டீடமான் என்பவர் எழுதிவைத்தார். 1905-ல் விடால் என்ற டாக்டர் ஒரு பச்சிளங்குழந்தைக்கு ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்தார்.

ஆளை ஏமாற்றும் சங்கதி ஒன்று உண்டு. அடைப்பு மேலே இருப்பதால் அடிவயிறு உப்புவதில்லை. கறுப்பு மலம்கூடப் போகலாம். "வெளிக்குப் போயிருச்சே, அப்புறம் என்ன?" என்று வீட்டார் சும்மா இருந்துவிடுகிறார்கள். சில குழந்தைக்கு வாந்தி வெள்ளையாகவே வரும். குடித்ததெல்லாம் திரும்பி வந்தால் அதையும் காட்டத்தான் வேண்டும். எக்ஸ்ரேயில் இரண்டு காற்றுக் குமிழி பக்கத்தில் பக்கத்தில் தெரியும்.

ஆபரேஷனில் மோதிரத்தை வெட்டுவதில்லை. வெட்டினால் கணைய நீர் கசிந்து ஆபத்து. அடைப்புக்கு மேலே உள்ள குடலையும் கீழே உள்ள குடலையும் இணைத்துத் தைக்கிறார்கள். ஜங்ஷனில் தண்டவாளத்தைப் பெயர்க்காமல் மேலே ஈரடுக்குப் பாலம் கட்டவில்லையா, அந்த மாதிரி. சீக்கிரம் கொண்டுவந்தால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்து, மற்ற பிள்ளைகள் போல வளர்கின்றன. சிலருக்கு இருதயக் கோளாறோ டவுன் சிண்ட்ரோமோ சேர்ந்திருக்கும். அதையும் பார்ப்பார்கள்.

பிரசவத்துக்கு முன்பே துப்புக் கிடைப்பதும் உண்டு. பனிக்குட நீர் அளவுக்கு மேல் இருந்தால், ஸ்கேனில் அந்த இரட்டைக் குமிழி தெரியலாம். ஐந்தாம் மாச ஸ்கேனில் தெரியாதது பிந்தின ஸ்கேனில் தெரியும். அப்படிப்பட்ட தாய்க்கு, குழந்தை ஆபரேஷன் வசதி உள்ள இடத்திலேயே பிரசவம் பார்க்க ஏற்பாடு செய்யட்டும்.

அதிகாரிகள் செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும், பிரசவ வார்டு வாசலில், பச்சை நிறத்தையே பூசி ஒரு போர்டு வைக்கலாம். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா ஒரு வார்த்தை சொல்லலாம். மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் போட்டு அனுப்பினால், வழியில் வாந்தி நுரையீரலுக்குள் போகாது.

வீட்டார் செய்ய வேண்டியது: சேனைத் தண்ணி, கிரேப் வாட்டர் எதுவும் ஊற்றாதீங்க. உடனே 108-ஐக் கூப்பிடுங்க. வாந்தி பட்ட துணியைத் துவைச்சுப் போடாமல் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்க.