எழுத்தும் இல்லறமும்

நூல் எழுத விரும்புவோர் பலர். எழுதி முடிப்போர் சிலர். எழுதாமைக்குக் காரணம் யாதென வினவின், தனித்ததோர் அறை இன்மை, ஓய்வு இன்மை, குடும்பச் சுமை என்னும் மூன்றையே பெரும்பாலோர் கூறுவர். எழுத்தென்பது துறவிகட்கே உரிய தவம் என்றும், இல்லறம் அதற்குப் பகை என்றும் ஒரு கொள்கை நம்மிடையே வேரூன்றி நிற்கின்றது. இஃது எத்துணை உண்மையென ஆராய்தற்கு, துப்பறியும் நாவல்களால் உலகப் புகழெய்திய அகதா கிறிஸ்டி அம்மையார் (1890–1976) தம் வரலாற்றைத் தாமே எழுதிய நூல் பெரிதும் துணைபுரியும். கொலையும் நஞ்சும் பற்றி எழுதியவரிடம் இல்லறத்தைக் குறித்துக் கற்பதற்கு யாதுளது என்று நகைப்போர் சற்றுப் பொறுத்துக் கேட்பாராக.

ஈராக் நாட்டில் நிம்ரூத் என்னும் பழம்பதியில் அம்மையாரின் கணவர் அகழ்வாராய்ச்சி நடத்தி வந்தார். அவ்விடத்து மண்கட்டியால் எழுப்பிய சிற்றறையில் 1950-ஆம் ஆண்டில் அம்மையார் அந்நூலைத் தொடங்கினார். முடித்தது 1965-இல், தமது எழுபத்தைந்தாம் வயதில். அவர் மறைந்த பின்னரே, 1977-இல், அது வெளிவந்தது. கதைப் பின்னலின் நுட்பங்களைக் கற்கலாம் என்று அதனைத் திறப்போர் ஏமாற்றமடைவர். தாயும் தமக்கையும், டார்க்கீ நகரத்து இளமைக்கால வீடும், செவிலியும் விளையாட்டுமே அதிற் பெரும்பகுதியை நிரப்பியுள்ளன. இது வேண்டாத விரிவு என்பர் சிலர். அவர் எழுத்தின் வேர் அங்கேயே உள்ளது என்பது எம் கருத்து.

எட்டு வயது நிரம்புமுன் குழந்தை படித்தல் ஆகாது என்பது அவர் தாயாரின் கொள்கை. சிறுமியோ ஐந்து வயதளவில் தானே படிக்கக் கற்றுக்கொண்டாள். பதினொரு வயதில் தந்தையை இழந்தாள். துப்பறியும் கதை எழுதுதல் உன்னால் இயலாது என்று தமக்கையார் ஒருகால் கூறியதே பின்னர் வந்த அனைத்திற்கும் வித்தாயிற்று. முதல் உலகப் போரின்போது அம்மையார் டார்க்கீயில் மருத்துவமனையின் மருந்து கலக்கும் அறையிற் பணிபுரிந்தார்; நஞ்சுகளின் இயல்பை அங்கே அறிந்தார். பெல்ஜிய நாட்டு அகதிகள் அந்நகரில் வந்து தங்கியிருந்தனர். அவர்களை நினைந்தே பொவாரோ என்னும் துப்பறிவாளரைப் படைத்தார். 1916-இல் எழுதிய அக்கதை பாதியில் தளர்ந்தபொழுது, விடுமுறையில் தனியே சென்று முடித்து வருமாறு வழிகூறியவர் தாயாரே. பதிப்பகத்தார் பலர் மறுத்த பின் 1920-இல் நூல் வெளியாயிற்று. அதனாற் கிடைத்த ஊதியம் 25 பவுன். தமக்கையின் சவால், தாயின் அறிவுரை, மருந்தறையின் கடமை ஆகிய இவற்றுள் எதனை நீக்கினும் அந்நூல் பிறந்திராது. குடும்பம் எழுத்திற்குப் பகை என்பார் இதற்கு என்ன விடை கூறுவர்?

எழுதுதற்கென ஓர் அறை அவருக்கு நெடுங்காலம் இருந்ததில்லை. உறுதியான ஒரு மேசையும் தட்டச்சுப் பொறியும் போதுமென்பார். படுக்கையறையில் முகங்கழுவும் பளிங்கு மேசையும், உணவு வேளைகட்கு இடையே வெறுமையாய் நிற்கும் சாப்பாட்டு மேசையும் அவருக்கு உதவின. எழுதும் இடத்தில் வைத்துப் படம் எடுக்கவேண்டும் என்று பத்திரிகையாளர் வந்து கேட்கும்பொழுது, காட்டுதற்கு இடமின்றி அவர் இடர்ப்படுவாராம். தொழில் யாதென வினவும் படிவங்களில், மணமான பெண் என்றே நிரப்பி வந்தார்.

ஆயினும், எழுத்தை அவர் பொழுதுபோக்காகவே கொண்டிருந்தார் என்று முடிவுகட்டல் தவறு. 1926-இல் தாயார் இறந்தார். முதற் கணவர் மணவிலக்கு வேண்டினார். அவ்வாண்டு டிசம்பரில் அம்மையார் பதினொரு நாள் காணாமற்போய்ப் பின் கண்டுபிடிக்கப்பட்டார். தம் நூலில் அந்நாட்களைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. பிறர் கதைகளின் முடிச்சையெல்லாம் அவிழ்த்தவர் தம் முடிச்சை மட்டும் மூடிவைத்தல் முறையோ என்று குறைகூறுவார் உளர். வாசகனுக்கு நூலாசிரியர் கடன்பட்டது நூலே. தம் துயர் அனைத்தையும் அன்று. 1927-இல் மகளுடன் கானரித் தீவுகட்குச் சென்று, நீல ரயிலைப் பற்றிய நாவலை முடிக்க அவர் பட்ட பாட்டையோ ஒளியாது உரைக்கின்றார். மனம் இசையவில்லை, கதையும் பிடிக்கவில்லை, பொருள் முடையோ விடவில்லை. எழுத விருப்பமில்லாதபோதும் எழுதியாகவேண்டும் என்னும் அந்நிலையிலேதான் தாம் தொழில்முறை எழுத்தாளர் ஆனதாகக் கூறுகின்றார். மனவெழுச்சி வருமளவும் காத்திருப்போம் என்னும் இளைஞர்கள் இப்பகுதியை இருமுறை படிப்பாராக.

அவருடைய பயணங்களும் இவ்வாறே. 1928-இல் மேற்கிந்தியத் தீவுகட்குச் செல்லவிருந்தவர், ஒரு விருந்திற் கேட்ட பேச்சினால் மனம் மாறி, ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயிலேறிப் பாக்தாதுக்குத் தனியே புறப்பட்டார். ஊர் என்னும் பண்டை நகரின் அகழ்வாய்வைக் கண்டார். 1930-இல் அங்கு மீண்டும் சென்றபோது மாக்ஸ் மல்லோவனைச் சந்தித்து, அவ்வாண்டே அவரை மணந்தார். பின்னர், போர்க்காலம் நீங்கலாக, ஈராக்கிலும் சிரியாவிலும் பல பருவங்கள் கணவருடன் தங்கி, அகழ்ந்தெடுத்தவற்றைப் படம்பிடித்தார். நிம்ரூதின் தந்தச் சிற்பங்களைப் பின்னலூசியும் முகத்திற் பூசும் கிரீமும் கொண்டு தூய்மை செய்தார். அந்நிலங்களிலிருந்தே 1934-இல் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் கொலை, 1936-இல் மெசபொத்தேமியாவிற் கொலை, 1937-இல் நைல் நதி மரணம் ஆகிய நாவல்கள் தோன்றின. கண்டு மீள்வோருக்கும் தங்கி உழைப்போருக்கும் உள்ள வேறுபாடு இதுவாகும்.

இனி, மறுதலைக் கூற்றையும் எண்ணிப் பார்த்தல் நீதி. பளிங்கு மேசையை மட்டும் எடுத்துக்காட்டி, அவ்வம்மையார் எழுதவில்லையா, நீயும் அடுக்களை வேலை முடித்து எழுது என்று பெண்களுக்கு உபதேசம் செய்வது எளிது. அஃது அரையுண்மை. அம்மையார் வீட்டில் பணிப்பெண்கள் இருந்தனர். குழந்தைக்குச் செவிலி இருந்தாள். 1922-இல் முதற் கணவருடன் பத்துத் திங்கள் உலகைச் சுற்றிவந்தபொழுது, மூன்று வயதும் நிரம்பாத மகளைப் பாட்டியும் பெரியம்மையும் பேணினர். அம்மேசை அவருக்காக வெறுமையாய் நின்றதென்றால், அதன்மேல் இருந்த பாத்திரங்களை வேறு யாரோ எடுத்துக் கழுவினர் என்பதே பொருள். அக்கைகளை மறந்து அவரைப் புகழ்வது நன்றியன்று. அக்கைகள் இல்லாத பெண்ணைச் சோம்பல் உடையாள் என்பது கொடுமை.

குடும்பம் எழுத்தாளருக்கு இங்ஙனம் கொடுத்தது உண்மை. எழுத்தாளரும் அதற்குத் திருப்பிக் கொடுத்தார். இரண்டாம் உலகப் போரில் இலண்டன் மீது குண்டுகள் பொழிந்த காலத்து, தாம் இறப்பின் உதவுமென்று இரண்டு நாவல்களை எழுதி, ஒன்றை மகளுக்கும் மற்றொன்றைக் கணவருக்கும் உரிமையாக்கிப் பாதுகாப்பில் வைத்தார். அவை 1975, 1976-ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. 1952-இல் இலண்டனில் அரங்கேறி நெடுங்காலம் நடந்துவரும் எலிப்பொறி நாடகத்தின் உரிமையைப் பேரனுக்கு ஈந்தார். எழுதும் பொழுது வீட்டாரிடமிருந்து களவாடிய பொழுது என்று எண்ணுவோர் இதனை நோக்குக.

ஆகவே எம் முடிபு இது. எழுத விரும்புவோர் தனியறை கிடைக்கட்டும் என்று காத்திருத்தல் வேண்டா. நாள்தோறும் ஒரு நாழிகை கேட்டுப் பெறுக. பெற்ற நாழிகையில், மனம் இசையினும் இசையாவிடினும் எழுதுக. வீட்டாரோ எழுத்தும் ஒரு வேலையே எனக் கொண்டு, அந்நாழிகையில் அடுப்பையும் குழந்தையையும் தாம் ஏற்றுக்கொள்க. கல்லூரியில் நன்கு எழுதிய பெண்கள் மணமானபின் பேனாவைக் கீழே வைத்துவிடுவதை நாம் பலகாலும் கண்டு வருகின்றோம். அவர்களிடம் திறமை குன்றியதன்று. அந்த ஒரு நாழிகையைக் காத்துத் தருவார் இலர். அதனைக் காத்துத் தருவது கணவர்க்கும் தமையன்மார்க்கும் பெற்றோர்க்கும் கடமையாம்.