கம்பெனிக்கு இரண்டாவது பாட்டில் உண்டு, ஊருக்கு இல்லையா?



நெட்டுக்குப்பத்து மீனவர் பிரச்சினைக்கு விவசாய சங்கம் எதுக்கு நோட்டீஸ் போடுது என்று சிலர் கேட்கிறார்கள். மீஞ்சூர், அத்திப்பட்டு, வல்லூர் பக்கத்து வெள்ளத்தை வாங்கிக்கொண்டு கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற முகத்துவாரம் அங்கேதான் இருக்கிறது. அங்கே அடைத்தால் இங்கே நம்ம நாத்து முழுகும். 2018-ல் திருவொற்றியூர் தாலுகாவைச் சென்னை மாவட்டத்தில் சேர்த்துவிட்டார்கள், நாம் திருவள்ளூரில் இருக்கிறோம். ஆத்துக்கு அதெல்லாம் தெரியாது.

அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வேறு. மீனவன் வாயை எதைக் காட்டி அடைக்கிறார்களோ அதையே காட்டித்தான் நம்ம வாயையும் அடைக்கிறார்கள். "ஆய்வு பண்ணியாச்சு, விஞ்ஞானப்பூர்வமா நிரூபிச்சாச்சு, நீங்க உணர்ச்சிவசப்படாதீங்க." அதிகாரியும் இதைத்தான் சொல்கிறார், கம்பெனிக்காரனும் இதைத்தான் சொல்கிறான்.

நமக்கு விஞ்ஞானத்தோடு சண்டை கிடையாது. சாமியாடி சொன்னால் நம்பு, இல்லாட்டி போ. விஞ்ஞானி சொன்னால் அப்படியில்லை, யார் வேண்டுமானாலும் திரும்பச் செய்து பார்த்துச் சரிபார்க்கலாம். அதுதானே அதன் பெருமை? நாங்கள் கேட்பதும் அதேதான். அந்த "யார் வேண்டுமானாலும்" என்பதில் நெட்டுக்குப்பத்துக்காரன் சேர்த்தியா? குத்தகைக்கு ஒரு ஏக்கர் நடுகிற நம்ம ஆள் சேர்த்தியா?

நடந்ததைப் பாருங்கள். 2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதிக்கொண்டது. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லை என்று முதலில் அறிக்கை வந்தது. அடுத்தடுத்த நாளில் எர்ணாவூர் கரையில் ஆட்கள் வாளி வாளியாக எண்ணெய்ச் சேற்றை அள்ளினார்கள்! அந்த அறிக்கையைச் சரிபார்த்தது பிளாஸ்டிக் வாளிதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் இறங்கி நெட்டுக்குப்பத்து வலையும் படகும் கருப்பாயின. எங்கள் குழாயில் கசிவு இல்லை என்றது சிபிசிஎல். அந்த ஆலையில் மழைத்தண்ணியைக் கையாளும் ஏற்பாடே போதாது என்பது அதற்குப் பிறகுதான் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வில் வந்தது.

எண்ணெய் கருப்பாக இருந்தது, கண்ணுக்குத் தெரிந்தது. தெரியாததை என்ன செய்வது? அதே டிசம்பர் 26 நள்ளிரவு பெரியகுப்பம், சின்னக்குப்பம் பக்கம் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஊரே ரோட்டுக்கு ஓடிவந்தது. மறுநாள் வாரியம் கணக்குச் சொன்னது. காற்றில் 400 மைக்ரோகிராம் வரம்பு, ஆலை வாசலில் 2,090. கடல் தண்ணியில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரம்பு, இருந்தது 49. கணக்கை வெளியிட்டதை வரவேற்கிறோம். ஆனால் ஊர் ரோட்டில் நின்று டிவிக்காரன் வந்ததால் வெளிவந்த கணக்கு அது. யாரும் ஓடாத ராத்திரிகளின் கணக்கு எங்கே?

வரைபடத்திலும் இதே கூத்து. 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடலோர வரைபடத்தில் எண்ணூர் கழிவெளி இருக்கிறது. மாநில அரசுத் துறை வைத்திருந்த இன்னொரு வரைபடத்தில் கழிவெளியையே காணோம்! 6,469 ஏக்கர் தண்ணீர்ப்பரப்பு மாயம் என்று 2017-ல் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள், கழிவெளிக்காகப் போராடுகிறவர்கள். இடுப்பளவு தண்ணியில் நின்று இறால் தடவுகிற பெண்ணைக் கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பாள், தண்ணி இருக்கா இல்லையா என்று. ஆனால் படம் அலுவலகத்தில் இருந்தது, அவள் ஆத்தில் இருந்தாள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 1974-ம் வருஷத்துத் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம், 21-வது பிரிவு. வாரிய அதிகாரி ஆலைக் கழிவுநீரைச் சோதனைக்கு எடுத்தால் ஆலைக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்கணும். அவர் முன்னாலேயே இரண்டு பாகமாகப் பிரிக்கணும். இரண்டுக்கும் சீல், இரண்டு பேர் கையெழுத்து. ஒன்று வாரியம் சொல்லும் ஆய்வுக்கூடத்துக்குப் போகும். ஆலைக்காரர் கேட்டால் இரண்டாவது பாட்டில் இன்னொரு ஆய்வுக்கூடத்துக்குப் போகும். ஒரு சோதனையை நம்ப முடியாது, மறுசோதனைக்கு வழி வேணும் என்று சட்டமே ஒத்துக்கொள்கிறது. யாருக்காக? கம்பெனிக்காக! அந்தத் தண்ணி போய்ச் சேர்கிற ஊருக்கு மூன்றாவது பாட்டில் கிடையாது.

விதைக்கடையில் இந்தக் கதை இல்லையே. 1966-ம் வருஷ விதைச் சட்டப்படி இன்ஸ்பெக்டர் எடுக்கும் மாதிரியில் ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று ஆய்வாளருக்கு, ஒன்று கோர்ட்டுக்கென்று பத்திரமாக. ஒரு பாக்கெட் கத்திரி விதைக்கு உள்ள மரியாதை ஒரு ஆத்துக்கு இல்லையா?

கத்திரி என்றதும் பி.டி. கத்திரிக்காய் ஞாபகம் வருகிறது. மேகோ கம்பெனியும் நம்ம கோவை வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து கோ 2, எம்டியு 1 ரகங்களில்கூட அந்த மரபணுவை ஏற்றின. பாதுகாப்பானது என்றார்கள். எங்கே, எலிக்குக் கொடுத்துப் பார்த்த கணக்கைக் காட்டு என்றால் வியாபார ரகசியம்! 2008-ல் சுப்ரீம் கோர்ட் தலையிட்ட பிறகுதான் விவரம் வெளியே வந்தது. வெளியே வந்ததும் வேறு விஞ்ஞானிகள் பிரித்துப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். 2009 அக்டோபர் 14-ல் நிபுணர் குழு அனுமதித்ததை 2010 பிப்ரவரி 9-ல் மந்திரி நிறுத்தி வைத்தார். கணக்கு வெளியே வராமலே இருந்திருந்தால்? இன்றைக்குச் சாம்பாரில் கொதித்துக்கொண்டிருக்கும்.

"படிக்காதவன் கையில் அறிக்கையைக் கொடுத்து என்ன பிரயோஜனம்?" என்று ஒரு கேள்வி வரும். கலெக்டரும் மந்திரியும் மட்டும் மெஷினைத் திருகிப் பார்த்தா கையெழுத்துப் போடுகிறார்கள்? அவர்களும் தெரிந்தவரைக் கேட்டுத்தான் போடுகிறார்கள். நமக்கும் காலேஜ் வாத்தியார், டாக்டர், நம்ம வீட்டுப் படித்த பிள்ளைகள் உண்டு. முழு விவரத்தையும் கொடு, எங்களுக்கு நம்பிக்கையான ஆளை வைத்து நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அதையும் தமிழில் கொடு. பொது விசாரணைக்குத் தமிழில் சுருக்கம் மட்டும் வருகிறது, நூற்றுக்கணக்கான பக்க அறிக்கை இங்கிலீஷில். 2020-ல் சுற்றுச்சூழல் அனுமதிக்கான வரைவு விதியை 22 மொழிகளில் போடு என்று டெல்லி ஹைகோர்ட் சொன்னதற்கு மத்திய அரசு சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடியதே, நமக்குப் புரிந்துவிடும் என்ற பயம்தானே?

நம்ம பக்கமும் ஒன்று சொல்லவேண்டும். மீஞ்சூர் வட்டாரத்துப் போர்களில் உப்பு ஏறியதற்கெல்லாம் அனல்மின் சாம்பல்தான் காரணம் என்று இந்தச் சங்கம் சொல்லாது. நிலத்தடித் தண்ணியை அளவு மீறி இறைத்ததால் கடல் உள்ளே வந்தது, அது 1960-களின் கடைசியிலேயே தெரிந்த விஷயம். சாம்பல் குழாய் உடைந்து ஆத்தில் கொட்டியது வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பினால் அவன் ஒரே கேள்வியில் நம்மை உட்கார வைத்துவிடுவான். நாம் சொல்வதையும் எவன் வேண்டுமானாலும் சோதிக்கட்டும்.

ஆகவே கேட்கிறோம். எந்த ஆலையில் மாதிரி எடுத்தாலும் ஊராட்சிப் பிரதிநிதி முன்னிலையில் எடு, மூன்றாவது பாட்டிலை ஊருக்குக் கொடு, எடுத்த இடம், நாள், நேரம், முடிவு அத்தனையையும் கிராமசபையில் தமிழில் வாசி.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் காகிதம் மட்டுமல்ல, அரசு நிறுவனத்தின் வசம் உள்ள பொருளின் சான்றிட்ட மாதிரியையும் கேட்கலாம், வேலை நடக்கும் இடத்தை நேரில் பார்க்கலாம். அனல்மின் நிலையம் அரசாங்கத்துடையதுதான். பத்து ரூபாய் கட்டி செப்பாக்கம் சாம்பல் குளத்துச் சாம்பலைச் சீல் வைத்துக் கேட்போம். மனு எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்கத்தில் எழுதித் தருகிறோம்.

வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்கு ஊருக்குப் பத்துப் பேராவது வாருங்கள். நெட்டுக்குப்பத்திலிருந்தும் வரச் சொல்லி அழைக்கிறோம். வரும்போது நன்றாகக் கழுவிய இரண்டு பாட்டிலில் உங்கள் போர் தண்ணியோ ஓடைத் தண்ணியோ பிடித்து, மேலே ஊர், சர்வே நம்பர், எடுத்த தேதி, நேரம் எழுதி ஒட்டிக் கொண்டு வாருங்கள். ஒன்றைக் கலெக்டர் மேஜையில் வைப்போம். இன்னொன்று நம்ம கையில் இருக்கட்டும்.