இரண்டாம் படியில் தொடங்குதல்

சீட்டு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே முகஞ் சுளிக்கும் பெரியோர் நம் கல்லூரியில் இன்றும் உளர். அச்சுளிப்புச் சூதாட்டத்தைப் பற்றியதாயின் யாமும் அவரோடு ஒருப்படுவோம். ஆயின் காசொன்றும் வையாது நால்வர் கூடி ஆடும் காண்டிராக்ட் பிரிட்ஜ் அவ்வினத்ததன்று. 2018-ஆம் ஆண்டில் ஜகார்த்தா நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரணாப் பர்தன், சிப்நாத் சர்க்கார் என்னும் வங்காளத்தார் இருவர் இவ்வாட்டத்திலேயே நம் நாட்டிற்குப் பொற்பதக்கம் ஈட்டினர். எமக்கு இவ்வரண் ஒன்றே போதும். இனி எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம்.

எதிரெதிரே அமர்ந்த இருவர் ஒரு கட்சியினர். ஒவ்வொருவர்க்கும் 13 சீட்டு. ஆடுமுன் ஏலம் நிகழும். கிளாவர், டயமண்டு, ஆட்டின், இஸ்பேட், துருப்பில்லா ஆட்டம் என்ற ஐந்தும் ஒன்றின்மேல் ஒன்றாய், ஒன்று முதல் ஏழு படிவரை ஏறிச்செல்ல, கேட்கத்தக்க கேள்விகள் 35 ஆகின்றன. ‘ஒன்று’ என்று கேட்டவர் 7 பிடி எடுக்கவும், ‘இரண்டு’ என்று கேட்டவர் 8 பிடி எடுக்கவும் கடமைப்படுவர். கேட்டு எடுத்த பிடிகளே கெலிப்புக்குக் கணக்காகும் என்னும் விதியை வாண்டர்பில்ட் என்னும் அமெரிக்கர் 1925-இல் கப்பற் பயணமொன்றின்போது வகுத்தமைத்தார். அன்று முதல் ஏலமே இவ்வாட்டத்தின் உயிராயிற்று. துணைவர் கைச்சீட்டைக் காணல் ஆகாது. கண்ணாலும் முகக்குறிப்பாலும் உணர்த்தலும் ஆகாது. இந்த 35 சொற்களும், பாஸ், டபிள், ரீடபிள் என்னும் மூன்றும் அன்றி அவ்விருவர்க்கு வேறு மொழியில்லை. சொல்லுக்குப் பொருள் வரையறுப்பதையே நாள்தோறும் பயிலும் எம்போன்ற தமிழ் மாணவர்க்கு இதன்கண் ஆர்வம் பிறத்தல் வியப்பன்று.

இனி, முதற்கண் வாய் திறப்பவர் ‘இரண்டு’ என்று தொடங்கினால் அதன் பொருள் யாதாக இருத்தல் வேண்டும்? இதுவே எம் வினா. கல்பெர்ட்சன் 1930-இல் வெளியிட்ட நூலிலே எவ்வினத்தில் இரண்டு கேட்பினும் அது மிக்க வலிமையைக் குறிக்கும் என்றும், கெலிப்பளவு எட்டுமட்டும் துணைவர் ஏலத்தை நிறுத்தலாகாது என்றும் விதித்தார். பின்னர் இலண்டன் மாநகரின் வடபால் அக்கோல் தெருவிலிருந்த ஆட்டக்கழகத்தின் பெயரால் வழங்கிய அக்கோல் முறையினர் இதனைச் சிறிது தளர்த்தினர். இரண்டு கிளாவர் மட்டுமே பெருவலிமைக்குரிய குறியாயிற்று; ஏனை மூவினங்களில் இரண்டு கேட்டல், தன் கையாலேயே ஏறத்தாழ 8 பிடி எடுக்க வல்லார் செயலாயிற்று. நேர்த்தியான ஏற்பாடுதான். ஆயினும் அத்தகைய கை எத்துணை முறை வருகின்றது? ஆஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என மதிப்பிட்டால் கட்டு முழுமைக்கும் 40 புள்ளி. அவற்றுள் 22-ம் அதற்கு மேலும் ஒரே கையில் சேர்வது சற்றேறக்குறைய 240 கைகளுக்கு ஒரு முறையே. அத்துணை அரிதாய் வரும் விருந்தினர்க்கு வீட்டின் நான்கறைகளையும் பூட்டிவைப்பார் உண்டோ? இரண்டு கிளாவர் என்னும் ஓர் அறை அவர்க்குப் போதும் என்பதே எமது துணிபு.

எஞ்சிய மூன்றையும் வலிகுன்றிய கைக்கே தருக என்போம். ஓரினத்தில் ஆறு சீட்டு, மொத்தம் 6 முதல் 10 வரை புள்ளி, அவற்றுட் பெரும்பகுதி அவ்வினத்திலேயே அமைதல்: இதுவே இலக்கணம். இஸ்பேடில் ராஜா, ராணி, பத்து, ஒன்பது, இரு சிறுசீட்டு எனப் பெற்றவர் ‘இரண்டு இஸ்பேட்’ என்றாரென்க. அந்நொடியே 35 கேள்விகளுள் 9 தொலைந்தன. 15 புள்ளியும் ஐந்து ஆட்டினும் வைத்து, ‘ஒன்று ஆட்டின்’ என்று நிதானமாய்த் தொடங்கக் காத்திருந்த எதிரி, இனி மூன்றாம் படிக்குத் தாவ வேண்டும். அன்றேல் வாய்மூடியிருக்க வேண்டும். ஒரு சொல்லால் துணைவர்க்குத் தெளிவும் எதிரிக்கு இடுக்கணும் விளைகின்றன.

இங்ஙனம் எழுதும் யாம் இக்கேள்வியால் ஒருமுறை நாணியதும் உண்டு. விடுதியில் நால்வர் நால்வராய்ப் பிரிந்து இரண்டு அறைகளில் ஆடிய போட்டி அது. எம் கையில் இஸ்பேட் ஆறு; ராணியும் ஜாக்கியும் ஒன்பதுமே தலைமை. ஆட்டினிலும் ராஜாவோடு நான்கு சீட்டு இருந்தன. ‘ஆறு சீட்டு, ஆறு புள்ளி’ என்று கணக்கு மட்டும் பார்த்து ‘இரண்டு இஸ்பேட்’ என்றோம். எம் துணைவர்க்கோ இஸ்பேடில் ஆஸ் ஒன்றே, ஆட்டினில் ஆஸும் ராணியும் உள்ளிட்ட ஐந்து, டயமண்டில் ஆஸ். எம்மிடம் நான்கு ஆட்டின் இருக்குமென அவர் எவ்வாறு கருதுவார்? பாஸ் என்றார். 9 பிடி எடுத்து 140 புள்ளி பெற்று மகிழ்ந்தோம். மற்றோர் அறையில் அதே சீட்டுகளைப் பெற்றவர் முதலில் பாஸ் என்று அடங்கியிருக்க, அவர் துணைவர் ‘ஒன்று ஆட்டின்’ என்று தொடங்க, நான்கு ஆட்டினுக்கு ஏறி 420 பெற்றனர். துணைவர் எம்மை ஒன்றும் கடியவில்லை. அவ்விரவு உணவின்போதும் ஒன்றும் பேசவில்லை. அதுவே எமக்கு மிகவும் உறுத்திற்று.

ஆதலின் பக்கத்தில் நான்கு ஆட்டினோ நான்கு இஸ்பேடோ இருப்பின் இக்கேள்வியைத் தவிர்க்க. இருக்கையையும் நோக்குக. இரண்டாம் இருக்கையில் எதிரி ஒருவர் முன்னரே பாஸ் கூறிவிட்டமையால் மிகுந்த வலிமை எம் துணைவரிடமே இருத்தலும் கூடும். ஆண்டு இலக்கணம் வழுவலாகாது. மூன்றாம் இருக்கையில் துணைவர் பாஸ் என்றபின் ஐந்து சீட்டோடு துணிதலும் பிழையன்று. நான்காம் இருக்கையில் மூவரும் அடங்கியபின் யாரைத் தடுக்க இக்கேள்வி? ஆங்கே நல்ல கை இருந்தாலன்றி ஆட்டத்தை அங்ஙனமே விட்டுவிடலாம். தோற்றால் தண்டம் மிகும் நிலையில் டபிளும் வாங்கி மூன்று பிடி குறைந்தால் 800 புள்ளி எதிரிக்குச் செல்லும் என்பதையும் நினைவிற் கொள்க.

1960-களில் ரீஸும் பிளின்டும் வகுத்த மல்டி என்னும் முறையில், ‘இரண்டு டயமண்டு’ என்பது டயமண்டைக் குறியாது, ஆட்டினிலோ இஸ்பேடிலோ ஆறு சீட்டு உண்டென்றோ, வேறு சில வலிய கைகளையோ குறிக்கும். இது கூரிய அறிவின் விளைவென்பதை மறுக்கிலேம். விதிப்படி எதிரிக்கு அதன் பொருளை உள்ளவாறே விளக்கவும் வேண்டும். உடன்பாட்டை மறைத்தல் குற்றம். எனினும் பயிற்சி குறைந்த மாணவர் மேசையில் விளக்கத்தைக் கேட்டும் எதிரி மயங்குகின்றார்; பலகாற் சொன்னவரின் துணைவரே மயங்குகின்றார். மூன்றாண்டுப் படிப்புக்கிடையே ஆடும் எம்மனோர்க்கு அம்முறை சுமையே.

அக்கோல் முறையார் கூறும் தடையொன்று உண்டு, அது வலிதே. 8 பிடிக்குரிய கையை ‘ஒன்று’ என்று தொடங்கின், நான்கு புள்ளியே உடைய துணைவர் பாஸ் என்ன, கெலிப்பு நழுவுமன்றோ என்பர். நழுவும், எமக்கும் நழுவியதுண்டு. வலிகுன்றிய கேள்வியால் கிட்டும் ஆதாயம் பலமுறை வருவது, இவ்விழப்போ சிலமுறையே. எம் துணைவர் இவ்வாதத்தை இன்னும் ஏற்றிலர். வரும் பருவத்திற்கு இரண்டு டயமண்டை மட்டும் அவர் விரும்பியவாறு வலிய கைக்கே விடுவதென்றும், ஆட்டினும் இஸ்பேடும் எம் விருப்பப்படி ஆவதென்றும் சென்ற வாரந்தான் இசைந்தோம்.